பாஸ்கர்வில் சதுப்பிலிருந்து பர் தீவு வரை

பேக்கர் தெரு, லண்டன்

பேக்கர் தெருவில் 221பி என்ற கதவு எண், ஆர்தர் கோனன் டாயில் கதை எழுதத் தொடங்கிய காலத்தில் கிடையாது. தெருவின் எண்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. பின்னாளில் தெரு நீண்டு எண்கள் மாறியபோது, ஷெர்லக் ஹோம்ஸின் விலாசம் ஒரு வீட்டுக்கடன் சங்கத்தின் கட்டடத்துக்குள் போய் விழுந்தது. 1932-இல் அந்தச் சங்கம் அங்கே குடியேறியது முதல் ஹோம்ஸ் பெயருக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. எங்கெங்கோ இருந்து உதவி கேட்டு எழுதினார்கள். பதில் போடுவதற்கென்றே அலுவலகத்தில் ஒருவரை உட்கார வைத்தார்கள். இல்லாத மனிதருக்கு எழுதிய கடிதங்களுக்குப் பல பத்தாண்டுகள் பதில் போய்க்கொண்டிருந்தது.

1990-இல் திறந்த அருங்காட்சியகம் உண்மையில் 237-க்கும் 241-க்கும் நடுவே இருக்கிறது. வாசலில் பலகை மட்டும் 221பி. உள்ளே மாடிக்குப் போக 17 படிகள். தினமும் ஏறி இறங்கும் படி எத்தனை என்று ஹோம்ஸ் கேட்க, வாட்சன் விழிக்கும் கதையைப் படித்தவர்கள் அந்தப் படிகளைச் சும்மா ஏற முடியாது. எனக்கு முன்னால் போன சிறுமி ஏதோ கிழக்காசிய மொழியில் எண்ணிக்கொண்டே ஏறினாள். பின்னால் வந்த தாத்தா இத்தாலிய மொழியில் எண்ணினார். நான் தமிழில் எண்ணினேன். மூவருக்கும் கணக்கு சரியாக வந்தது.

தொலைக்காட்சியில் ஹோம்ஸைக் கண்ட தலைமுறைக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. 2010-இல் பிபிசி தொடங்கிய ‘ஷெர்லக்’ தொடரில் வரும் வீட்டு முகப்பை யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நார்த் கோவர் தெருவில்தான் படம் பிடித்தார்கள். அருகிலுள்ள ஸ்பீடீஸ் என்ற சிறு உணவகமும் தொடரில் வரும். முட்டையும் வறுத்த ரொட்டியும் தின்றுகொண்டே அந்தக் கதவைப் பார்த்தபடி கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஹோம்ஸை அவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று நான் கவலைப்படவில்லை. ஒரு கதாபாத்திரம் இப்படி வாசல் மாறி மாறித்தான் நூறாண்டு கடக்கிறது.

லண்டனில் நான் தங்கியது ஈஸ்ட் ஹாமில், நண்பரின் தாயார் வீட்டில். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். அவர் வீட்டு அலமாரியில் சாமிப் படங்களுக்குக் கீழ்த்தட்டு முழுக்க அகதா கிறிஸ்டி. ஹோம்ஸைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

“ஹோம்ஸ் எனக்குச் சரிவராது தம்பி. அவர் ஆக்களோடை கதைக்கிறேல்லை, கட்டளைதான் போடுறார். மிஸ் மார்ப்பிள் அப்பிடியில்லை. கிணத்தடியிலை கதைக்கிற கதையிலை இருந்தே ஆள் ஆரெண்டு பிடிச்சிடுவா” என்றார். “டெவனுக்குப் போறீங்களெண்டால் அகதா அம்மாவின்ரை ஊரையும் வடிவாப் பாத்திட்டு வாங்கோ.”

செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்கு

மேற்கே கிளம்புவதற்கு முந்தைய மாலை அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’ நாடகம். 1952 நவம்பர் 25-இல் லண்டனில் தொடங்கியது. 1974-இல் பக்கத்து அரங்கிலிருந்து இங்கே மாறியது. கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் 2021 மே வரை மூடிக் கிடந்ததைத் தவிர வேறு பெரிய நிறுத்தம் இல்லை. இன்றைய காட்சி எத்தனையாவது என்று கூடத்தில் ஒரு பலகை சொல்கிறது. மேடையில் பனியில் சிக்கிய ஒரு விருந்தினர் விடுதி. நடிகர்கள் எத்தனையோ முறை மாறிவிட்டார்கள், திரைச்சீலையும் நாற்காலியும் மாறிவிட்டன. முதல் நாள் முதல் மேடையிலேயே இருப்பது கணப்பின் மேலே வைத்த கடிகாரம் ஒன்றுதான்.

என் பக்கத்து இருக்கையில் வடக்கு இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பெரியவர், பேரனோடு உட்கார்ந்திருந்தார். சிறுவனாக அம்மாவோடு இதே நாடகத்தைப் பார்த்தவராம். கொலைகாரர் யார் என்று அவருக்குத் தெரியும். உண்மை வெளிப்படும் கட்டத்தில் அவர் மேடையைப் பார்க்கவே இல்லை, பேரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிறுவன் வாயைப் பிளந்தபோது பெரியவர் சத்தமில்லாமல் சிரித்தார்.

நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேண்டுகோளை அரங்கம் வைக்கிறது, மக்களும் பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள். எங்கள் ஊர் வாடகை நூல் நிலையத்தில் துப்பறியும் நாவலை எடுத்தால் முதல் பக்கத்திலேயே ‘இவன்தான் கொலைகாரன்’ என்று பென்சிலில் ஒரு பெயர் இருக்கும். அதை எழுதிய கைகள் மேல் பள்ளி நாட்களில் எனக்கு இருந்த கோபம் இன்னும் தீரவில்லை. ரகசியத்தைக் காப்பது அடுத்து வரும் வாசகருக்குச் செய்யும் மரியாதை. இந்தக் கட்டுரையிலும் எந்தக் கதையின் முடிவையும் நான் சொல்லப்போவதில்லை.

டார்ட்மூர்

டெவன் மாவட்டத்தின் நடுவே பாறையும் புல்லும் சதுப்புமாக விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் டார்ட்மூர். மரங்கள் குறைவு. குன்றுகளின் உச்சியில் கருங்கல் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் நிற்கின்றன. அவற்றை இங்கே ‘டார்’ என்கிறார்கள். குட்டையான குதிரைகள் தாமாக மேய்ந்து திரிகின்றன. சாலையில் அவை நின்றால் வண்டிகள் காத்திருக்க வேண்டியதுதான்.

இங்குள்ள பிரின்ஸ்டவுன் என்ற ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களை அடைப்பதற்காக எழுப்பி 1809-இல் திறந்த சிறைச்சாலை ஊரின் தலைமாட்டில் நிற்கிறது. ஈரத்தில் கறுத்த கருங்கல் சுவர்கள். 1901-இல் டாயில் இங்கே டச்சி ஹோட்டலில் தங்கினார். கூட வந்தவர் பத்திரிகையாளர் பெர்ட்ராம் பிளெட்சர் ராபின்சன். டெவனில் வளர்ந்தவர், இந்தப் பக்கத்துப் பேய்நாய்க் கதைகளை டாயிலுக்குச் சொன்னவர். ராபின்சன் வீட்டு வண்டிக்காரரின் பெயர் ஹாரி பாஸ்கர்வில். குடும்பப் பெயர் அங்கிருந்தே கிடைத்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ ஸ்ட்ராண்ட் இதழில் தொடராக வந்தது. 1893-இல் அருவிப் பள்ளத்தில் தள்ளிக் கொன்ற ஹோம்ஸை எட்டு ஆண்டுகள் கழித்து டாயில் திரும்பக் கொண்டுவந்தது இந்த மண்ணுக்காகத்தான். பழைய ஹோட்டல் கட்டடம் பின்னாளில் தேசியப் பூங்காவின் தகவல் மையமானது.

சதுப்பைப் பார்க்க என்னை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. நாவலில் வரும் கிரிம்பன் சதுப்புக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் ஃபாக்ஸ் டார் மையர்ஸ் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் புல்வெளி. நடுநடுவே வெண்பஞ்சு முடிந்ததுபோல் ஒரு கோரை. ஆசிரியை தன் கைத்தடியை ஓரிடத்தில் ஊன்றினார். பிடி வரைக்கும் இறங்கியது.

“கண்ணுக்கு எந்த இடம் அதிகப் பச்சையாகத் தெரிகிறதோ அங்கே கால் வைக்காதீர்கள்” என்றார். “ஆளை முழுதாக விழுங்குவதெல்லாம் கதை. ஆனால் இடுப்புவரை இறங்கிவிட்டால் தனியாக ஏறி வருவது கடினம். டாயில் கொஞ்சம்தான் கூட்டியிருக்கிறார்.”

பேசிக்கொண்டிருந்தபோதே மூடுபனி வந்தது. பத்து நிமிடம் முன்பு தெளிவாகத் தெரிந்த குன்று காணாமல் போயிற்று. அவர் பேச்சை நிறுத்தி என் கையைப் பிடித்து வந்த வழியே திருப்பினார். நாவலின் உச்சகட்டத்தில் பனி ஏறி வருவதைப் படித்தபோது ஆசிரியர் வசதிக்காக வரவழைத்த பனி என்றே நினைத்திருந்தேன். இங்கே பனிக்கு ஆசிரியர் யாரும் தேவைப்படவில்லை.

பக்ஃபாஸ்ட்லீ ஊரின் குன்றின்மேல் கூரையில்லாத ஒரு தேவாலயம் இருக்கிறது. 1992-இல் எரிந்தது. அதன் வாசலருகே இரும்புக் கம்பி போட்ட சிறு கல்மண்டபம், ரிச்சர்ட் கேபெல் என்ற நிலப்பிரபுவின் சமாதி. 1677-இல் இறந்தார். பொல்லாதவர் என்று பேர். அவரை அடக்கம் செய்த இரவு கறுப்பு நாய்கள் மேட்டுநிலத்திலிருந்து ஊளையிட்டு வந்தன என்பது ஊர்க்கதை. சமாதியைச் சுற்றி வந்து கம்பிக்குள் விரலை நீட்டினால் உள்ளே ஏதோ கடிக்கும் என்று சிறுவர்கள் ஒருவரையொருவர் சவால் விடுவார்களாம். கருப்பசாமியின் வேட்டை நாய்களையும் நள்ளிரவு முனி நடையையும் கேட்டு வளர்ந்த எனக்கு இந்தக் குன்று அந்நியமாகவே இல்லை. எங்கள் ஊர்க் கதைகள் பயத்தில் முடியும். கிழவி சொல்லி முடித்ததும் விளக்கை ஏற்றிவிட்டுப் படுப்போம். டாயில் அதே பயத்தை எடுத்துக்கொண்டு, கால்தடத்தை அளக்கச் சொல்கிறார், காணாமல் போன ஒற்றைக் காலணியைக் கணக்கில் வைக்கிறார். துப்பறியும் கதை பேய்க்கதையின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று எனக்கு அந்தச் சமாதியருகில்தான் உறுதியாயிற்று.

திரும்பும் வழியில் ஒரு கல்வீட்டுத் தேநீர்க்கடை. சூடான ஸ்கோன், அதன்மேல் கெட்டியாகப் பாலாடை, அதற்கும் மேலே ஸ்ட்ராபெர்ரி ஜாம். டெவனில் பாலாடை முதலில். பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில் ஜாம் முதலில். கடைக்கார அம்மாள் இதை எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

அதே மேட்டுநிலத்தின் கிழக்கு விளிம்பில் ஹேடார் பாறை. முதல் துப்பறியும் நாவலை எழுத ஆரம்பித்து நடுவில் சிக்கிக்கொண்ட ஓர் இளம்பெண், அம்மா சொன்ன யோசனைப்படி 1916-இல் இங்கே ஒரு விடுதியில் வந்து தங்கினார். காலையில் எழுத்து, மதியத்தில் மேட்டில் நீண்ட நடை. நடக்கும்போது பாத்திரங்களின் பேச்சைத் தானே வாய்விட்டுப் பேசிப் பார்ப்பார். அப்படி முடிந்த நாவல் ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’. எழுதியவர் அகதா கிறிஸ்டி.

டோர்க்கீ

மலையிறங்கினால் இன்னொரு தேசம். பனைபோல் தோன்றும் செடிகள், வெள்ளை ஹோட்டல்கள், படகுத்துறை, ஐஸ்கிரீம் கையில் முதியவர்கள். 1890 செப்டம்பர் 15-இல் கிறிஸ்டி பிறந்த ஊர். பிறந்த ‘ஆஷ்ஃபீல்டு’ வீடு இப்போது இல்லை, 1960-களில் இடித்துவிட்டார்கள். துறைமுகத்துக்கு அருகே அவரது மார்பளவுச் சிலை இருக்கிறது. ஊர் அருங்காட்சியகத்தில் அவருக்கென ஒரு கூடம். டேவிட் சூஷே 1989 முதல் 2013 வரை கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவாக நடித்த தொலைக்காட்சித் தொடரின் அறைப் பொருள்களும் அங்கே உண்டு. அந்த நேர்த்தியான மேசையைப் பார்த்ததும், மீசை முனையைத் திருகியபடி அவர் கதவைத் திறந்து வந்துவிடுவார் என்று தோன்றியது.

முதல் உலகப்போரின்போது இந்த ஊரின் நகர்மன்றக் கட்டடம் மருத்துவமனையானது. கிறிஸ்டி முதலில் செவிலியராகவும் பிறகு மருந்துகள் கலக்கும் பிரிவிலும் வேலை செய்தார். 1917-இல் மருந்தாளர் தேர்வில் தேறினார். பயிற்சி கொடுத்த ஒருவர் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு துண்டு கியூராரே விஷத்தை வைத்துக்கொண்டு அலைந்ததை, பல ஆண்டுகள் கழித்துத் தன்வரலாற்றில் நினைவுகூர்ந்தார். முதல் நாவலில் அவர் தேர்ந்த நஞ்சு ஸ்ட்ரிக்னின். நம் ஊர் எட்டி மரத்தின் விதையில் இருப்பது அதுதான். அது எப்படிக் கரையும், எதோடு சேர்ந்தால் அடியில் படியும் என்பதே அந்தக் கதையின் முதுகெலும்பு. மருந்தியல் இதழ் ஒன்று நாவலைப் பாராட்டி மதிப்புரை எழுதியது. வேறெந்தப் பாராட்டையும்விட அதில் அவருக்குப் பெருமை அதிகம்.

டோர் அபேயின் தோட்டத்தில் அவர் கதைகளில் வரும் நச்சுச் செடிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரப் பெண்ணிடம் எட்டிக்காயைப் பற்றியும் அரளி விதையைப் பற்றியும் சொன்னேன். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டார். மருந்தும் நஞ்சும் ஒரே செடியில் இருப்பதை எங்கள் கிராமத்து நாட்டு வைத்தியர்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவார்கள் என்றேன். கிறிஸ்டியைப் படித்தவர்களும் அதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்றார் அவர். 1977-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் நோய் புரியாமல் மோசமாகிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைப் பார்த்த செவிலியர், தான் படித்துக்கொண்டிருந்த ‘தி பேல் ஹார்ஸ்’ நாவலின் அறிகுறிகளை நினைத்து, தாலியம் விஷமாக இருக்கலாம் என்று சொன்னார். சோதித்தார்கள். அதுவேதான். குழந்தை பிழைத்தது. பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கும் எழுத்தில் இவ்வளவு துல்லியம் இருந்திருக்கிறது.

டோர்க்கீயில் எனக்கு மனத்தில் நின்றது வேறொன்று. போரில் நாடிழந்த பெல்ஜியர்கள் அன்று அகதிகளாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் கதைக்குத் துப்பறிவாளர் வேண்டுமே என்று யோசித்தபோது, அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர் இருந்தால் என்ன என்று கிறிஸ்டிக்குத் தோன்றியது. ‘ஸ்டைல்ஸ்’ நாவலில் பொய்ரோ முதன்முதலாக வரும்போது, பிறர் தயவில் கிடைத்த வீட்டில் சக அகதிகளோடு தங்கியிருப்பவர்தான். உலகம் கொண்டாடும் துப்பறிவாளர் ஓர் அகதி. புது ஊரில் பிழைக்க வந்தவர் எல்லாவற்றையும் கவனித்தாக வேண்டும்: யார் எந்தக் கோப்பையை எடுக்கிறார்கள், எந்தச் சொல்லுக்கு யார் முகம் மாறுகிறது என்று. ஊர்க்காரர்கள் பழகிப்போய்ப் பார்க்காமல் விடுவதெல்லாம் அவர் கண்ணில் படும். ஈஸ்ட் ஹாமின் அந்த அலமாரி ஞாபகத்துக்கு வந்தது. அன்றிரவு தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஓம், எனக்கு அது முதலே தெரியும்” என்றார் அந்தத் தாய்.

கிரீன்வே

டார்ட் ஆற்றின் குறுக்கே டிட்டிஷம் கிராமத்துக்கும் கிரீன்வே துறைக்கும் ஒரு சிறு படகு ஓடுகிறது. துறையில் ஒரு மணி தொங்குகிறது. அடித்தால் மறுகரையிலிருந்து படகு வரும். படகோட்டி இளைஞர், கையில் ஒரு நாவல்.

1938-இல் 6,000 பவுண்டுக்குக் கிறிஸ்டி வாங்கிய விடுமுறை வீடு இது. 2009 முதல் வீட்டுக்குள்ளும் பொதுமக்களை விடுகிறார்கள். இங்கே அவர் அதிகம் எழுதவில்லை. எழுதி முடித்ததைக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுவார், கொலைகாரர் யாரென்று அவர்கள் ஊகிப்பார்கள். போர்க்காலத்தில் வீட்டை அமெரிக்கக் கடலோரக் காவல்படை எடுத்துக்கொண்டது. அப்போது ஒரு படைவீரர் நூலக அறைச் சுவரின் மேற்பகுதி நெடுகத் தங்கள் படையின் பயணத்தை ஓவியமாக வரைந்தார். போர் முடிந்ததும் அழித்துத் தரவா என்று கேட்டார்கள். கிறிஸ்டி வேண்டாம் என்றுவிட்டார். இன்றும் இருக்கிறது.

தோட்டம் ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. அடியில் படகுவீடு. 1956-இல் வந்த ‘டெட் மேன்ஸ் ஃபாலி’யில், கொலை விளையாட்டில் பிணமாக நடிக்க வேண்டிய சிறுமி உண்மையாகவே கொலையுண்டு கிடப்பது இங்கேதான். கீழ்த்தளத்தில் ஆற்றுநீர் ஏறி நிரம்பும் குளியல் தொட்டி, மேலே ஆற்றைப் பார்த்த பலகணி. கதையில் எது எங்கே என்று எழுதியிருந்தாரோ அது அங்கே இருந்தது: பாதை திரும்பும் இடம், வீட்டிலிருந்து இறங்கிவர ஆகும் நேரம், துறையிலிருந்து யார் கண்ணுக்கு எது தெரியும் என்பது. 2013-இல் சூஷே பொய்ரோவாக நடித்த கடைசிப் படப்பிடிப்பு இந்தக் கதைக்காக இங்கேயே நடந்தது. வீட்டைச் சுற்றிக்காட்டிய தொண்டர் அம்மாள் அன்று கூட்டத்தில் நின்றவர். “எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை வழியனுப்பியதுபோல் இருந்தது” என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

1930-இல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் சேர்ந்து ‘டிடெக்‌ஷன் கிளப்’ என்று ஒரு சங்கம் வைத்தார்கள். வாசகரிடம் எந்தத் துப்பையும் மறைக்கமாட்டேன், தெய்வச் செயலாலோ தற்செயலாலோ புதிரை அவிழ்க்கமாட்டேன் என்று சேருபவர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். கிறிஸ்டி 1957 முதல் 1976-இல் இறக்கும்வரை அதன் தலைவர். படகுவீட்டுப் படியில் உட்கார்ந்தபோது அந்த உறுதிமொழி வெறும் சடங்கில்லை என்று தெரிந்தது. தன் சொந்த வீட்டின் வரைபடத்தையே வாசகர் கையில் கொடுத்துவிட்டு, முடிந்தால் கண்டுபிடி என்றிருக்கிறார்.

பர் தீவு

பிக்பரி கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது இந்தத் தீவு. நீர் வற்றும்போது மணலில் நடந்து போகலாம். நீர் ஏறினால் உயரமான சக்கரங்கள் மேல் மேடை கட்டிய கடல் டிராக்டர் அலைக்குள் இறங்கி ஆட்களைக் கொண்டுபோகும். நான் நடந்து போய் டிராக்டரில் திரும்பினேன். போகும்போது பாதையாக இருந்த மணல்மேல் வரும்போது ஆளுயரத் தண்ணீர். ஓட்டுநர் கடலைக் காட்டி, “இவள் யாருக்கும் காத்திருக்கமாட்டாள்” என்றார்.

1929-இல் கட்டிய வெள்ளை ஹோட்டல் ஒரு கப்பலைப்போல் நிற்கிறது. 1939-இல் வந்த ‘அண்ட் தென் தேர் வேர் நன்’, 1941-இல் வந்த ‘ஈவில் அண்டர் தி சன்’ இரண்டுக்கும் இந்தத் தீவே தூண்டுதல். இவற்றில் முதல் நாவல் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். பத்துப் பேர், ஒரு தீவு, கரைக்குத் திரும்ப வழியில்லை. டிராக்டர் மேடையில் நின்று தண்ணீர் உயர்வதைப் பார்த்தால், அந்த நாவலுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தீவிலுள்ள பழைய மதுக்கடையில் நண்டு சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே இருந்த மீனவர், உங்கள் மொழியில் இப்படிக் கதைகள் உண்டா என்று கேட்டார். வீணை எஸ். பாலசந்தரைப் பற்றிச் சொன்னேன். 1954-இல் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தவர், 1970-இல் இந்தத் தீவுக் கதையின் சாயலில் ‘நடு இரவில்’ எடுத்தார். வீணை வாசிப்பவர் கொலைப் படம் எடுத்தாரா என்று மீனவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமார் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர்களின் வீடுகளை நீங்கள் எல்லோரும் போய்ப் பார்ப்பீர்களா என்று கேட்டார். அவருக்கு அது மிக இயல்பான கேள்வி.

வடுவூர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் அந்த ஊர்க்காரர் ஒருவர் தமிழ்நாட்டையே ஒரு காலத்தில் தூங்கவிடாமல் செய்தார் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா பைண்டு செய்து வைத்த தொடர்கதையோ, ரயில் நிலையத்தில் வாங்கிய பழைய மாத நாவலோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்தைத் திருப்பி, பென்சிலில் எழுதிய பெயர் ஏதாவது இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.